சின்னப் பாய்ப்படகின் அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த ப்ரொப்பெல்லர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியஸில் 16 அடி முதல் 25 அடி வரையிலான பாய்ப்படகு வைத்திருக்கும் நம்மவர்கள், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் ப்ரொப்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். குராண்ட் பே பக்கம் இருப்பவரும் மாயெபூர் பக்கம் இருப்பவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். 2 எச்பியிலிருந்து 10 எச்பி வரையிலான பெட்ரோல் மோட்டார்களை மனதில் வைத்து எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மோட்டாரோடு கம்பெனியே ஒரு ப்ரொப்பெல்லர் கொடுத்திருக்கிறதே, அதை எதற்கு மாற்ற வேண்டும்?

சில படகுகளுக்கு மாற்ற வேண்டியதே இல்லை. 16 அடிப் படகில் சின்ன மோட்டார் வைத்து, காற்று விழுந்த நேரத்தில் லகூனுக்குள் (பவளத்தடுப்புக்கு உள்ளே இருக்கும் அமைதியான கடலுக்குள்) மெதுவாகத் திரும்பி வர மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால், வந்ததை வைத்தே ஓட்டுங்கள். காசை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 5, 6, 9.9 எச்பி மோட்டார்களோடு பொதுவாக வரும் ப்ரொப்பெல்லர் ரப்பர் டிங்கியையோ லேசான அலுமினியப் படகையோ நினைத்துப் பொருத்தியது. அந்தப் படகுகள் தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) வைத்த, ஒரு டன் எடையுள்ள பாய்ப்படகு எழும்பாது, தண்ணீரைப் பிளந்துதான் போகும். இரண்டும் வேறு வேறு வேலை. எதிர்க்காற்றில் மோட்டார் முனகுகிறது, த்ராட்டிலைக் கூட்டினாலும் சுற்று ஏறவில்லை, படகு நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கிறது என்றால் முதலில் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள்.

அண்ணா, என் ப்ரொப்பெல்லரில் 7.9 × 8 என்று ஏதோ போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

முதல் எண் விட்டம், அதாவது இலைகளின் முனை சுற்றிவரும் வட்டத்தின் அகலம். இரண்டாவது எண் பிட்ச். ஒரு திருகாணி மரத்துக்குள் இறங்குவது போல, ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றினால் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதுதான் பிட்ச். இரண்டும் அங்குலத்தில். தண்ணீர் மரம் இல்லை, நழுவும். அந்த நழுவலுக்குப் பெயர் ஸ்லிப்.

எண் பெரும்பாலும் நடுக்குமிழின் மேலோ இலையின் அடியிலோ பொறித்திருக்கும். தேய்ந்து போயிருந்தால் அங்கே இருக்கும் பார்ட் நம்பரை எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே கடையில் 'எலிஸ்' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

பக்கத்தில் நிற்கும் பிரோக் 15 எச்பியில் பறக்கிறது. அந்த மீனவர் பெரிய பிட்ச் போடு, வேகம் வரும் என்கிறார். போடலாமா?

வேண்டாம். அவர் சொல்வது அவருடைய படகுக்குச் சரி. பிரோக் என்னும் மீன்பிடிப் படகு லேசானது, வேகம் எடுத்ததும் முன்பக்கம் தூக்கி வழுக்க ஆரம்பிக்கும். அதற்குப் பெரிய பிட்ச் பொருந்தும். உங்கள் படகின் வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார் இல்லை, படகின் உடல்.

கீல் படகு ஓடும்போது முன்னால் ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளமாகிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்கு (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்துக்கு) சமமானதும் படகு தானே எழுப்பிய பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெட்ரோல் எரித்தாலும் பின்பக்கம்தான் அமிழும். இந்த எல்லையைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குங்கள். 16 அடிக்கு சுமார் 5.4 நாட் வரும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). 18 அடிக்கு 5.7, 25 அடிக்கு 6.7. அவ்வளவுதான். எந்த ப்ரொப்பெல்லரும் இதை மாற்றாது.

அதனால் பாய்ப்படகுக்காரர் வேகத்துக்காக ப்ரொப்பெல்லர் வாங்கக் கூடாது. காற்றும் அலையும் எதிர்த்து வரும்போது இழுத்துக்கொண்டு போகும் பலத்துக்காக வாங்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

சரி, எனக்கு எந்த பிட்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். சின்ன மோட்டார் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். கீழே இருக்கும் கியர் அதைக் குறைக்கிறது. 6 எச்பி அளவு மோட்டார்களில் இந்தக் குறைப்பு ஏறக்குறைய 2-க்கு 1. நம் கணக்குக்கு 2.15 என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2325 சுற்று சுற்றுகிறது. பிட்ச் 8 அங்குலம் என்றால், நழுவலே இல்லாத பட்சத்தில் படகு 15 நாட்டுக்கு மேல் போக வேண்டும். உங்கள் 18 அடி நீர்க்கோட்டுப் படகோ 5.7 நாட்டைத் தாண்டாது. மீதி முழுக்க நழுவல், அதாவது 60 சதவீதத்துக்கும் மேல். பிட்ச் 6 போட்டால் கணக்கு வேகம் 11.5 நாட். நழுவல் சுமார் 50 சதவீதமாகிறது. கனமான படகைத் தள்ளும் சின்ன ப்ரொப்பெல்லரில் பாதி நழுவல் சாதாரணம்.

கார் கியர் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய பிட்ச் என்பது மேட்டில் டாப் கியரில் ஏறுவது. என்ஜின் திணறும், சுற்று எழாது, சுற்று எழாததால் அதன் முழு எச்பியும் கிடைக்காது. 6 எச்பி வாங்கி 4 எச்பிதான் அனுபவிப்பீர்கள். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் உள்ளே கரி படியும், சூடும் ஏறும்.

ஆக, உங்கள் மோட்டாருக்குக் கிடைக்கும் ப்ரொப்பெல்லர்களின் பட்டியலை வாங்கிப் பார்த்து, மிகக் குறைந்த பிட்ச்சிலிருந்து தொடங்குங்கள். 5, 6 எச்பி மோட்டாருக்கு 6 அல்லது 7 அங்குலத்தில் முடியும். சில கம்பெனிகள் இந்தக் குறைந்த பிட்ச்சைத் தனிப் பெயரிலேயே விற்கின்றன. பட்டியலில் 'ஹை த்ரஸ்ட்' (அதிகத் தள்ளுவிசை) அல்லது 'செயில்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

போட்டது சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது?

முழு த்ராட்டிலில் வரும் சுற்றை வைத்து. ஒவ்வொரு மோட்டாரின் புத்தகத்திலும் முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று வர வேண்டும் என்று ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். 4500–5500 அல்லது 5000–6000 என்பது போல இருக்கும். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி வைக்கும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி, பெட்ரோல் நிரப்பி, ஆழமான தண்ணீரில் முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. காற்றின் பாதிப்பு தெரிந்துவிடும்.

வரம்பின் மேல்பாதியில் சுற்று வந்தால் மிக நல்லது. வரம்புக்குக் கீழே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். வரம்பைத் தாண்டினாலோ, மோட்டார் தானே விட்டுவிட்டு அடங்கினாலோ பிட்ச் குறைவு. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சின்ன ப்ரொப்பெல்லர்களில் அதைவிடக் கூடுதலாகவே மாறும், ஏனென்றால் 7-இல் ஒரு அங்குலம் என்பது 17-இல் ஒரு அங்குலத்தைவிடப் பெரிய பங்கு.

படகைக் கரையில் கட்டிப்போட்டபடியே முழு த்ராட்டிலில் சோதித்தால் போதாதா?

போதாது. நிற்கும் படகில் ப்ரொப்பெல்லருக்குச் சுமை அதிகம், அதனால் ஓடும்போது வருவதைவிடச் சுற்று குறைவாகக் காட்டும். அதை நம்பி பிட்ச்சைக் குறைத்தால் கடலில் வரம்பைத் தாண்டிவிடும். ஆனாலும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலத்த எதிர்க்காற்றில் படகு கிட்டத்தட்ட நின்றுவிடும்போது மோட்டாருக்கு ஏற்படும் நிலை அதுதான். இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பது பாய்ப்படகுக்கு நல்லது.

விட்டம் பெரிதாக இருந்தால் பலம் கூடும் என்கிறார்களே?

உண்மைதான். மெதுவாகப் போகும் கனமான படகை, நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளும் பெரிய ப்ரொப்பெல்லர் நன்றாக நகர்த்தும். சின்ன ப்ரொப்பெல்லர் கொஞ்சம் தண்ணீரை வேகமாக வீசி அடிக்கும், அதில் சக்தி வீணாகும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் மோட்டாரில் விட்டத்தை அதிகம் மாற்ற முடியாது. இலை முனைக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

அதனால்தான் 'ஹை த்ரஸ்ட்' மோட்டார்கள் தனியாக வருகின்றன. யமஹாவின் ஹை த்ரஸ்ட் 9.9-இல் கியர் குறைப்பு 2.92-க்கு 1, அது 11 அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். 24, 25 அடிப் படகுக்குப் புதிதாக மோட்டாரே வாங்கப் போகிறீர்கள் என்றால், எச்பியைக் கூட்டுவதற்கு முன் இந்த வகையைப் பாருங்கள்.

மூன்று இலையா, நான்கு இலையா?

இந்த அளவு மோட்டார்களுக்குப் பெரும்பாலும் மூன்றுதான் கிடைக்கும். நான்கு கிடைத்தால் நடுக்கம் குறையும், பிடிப்பும் பின்னோக்கிப் போகும் பலமும் சற்றுக் கூடும். ஆனால் அதே பிட்ச்சில் நான்கு இலை போட்டால் சுற்று கொஞ்சம் இறங்கும், ஒரு அங்குலம் குறைத்து வாங்குங்கள். சரியான பிட்ச்சில் மூன்று இலை கையில் இருந்தால் நான்கைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் காலத்துக்கும் இருக்குமே?

நம் லகூனுக்கு அலுமினியம்தான். ப்ரொப்பெல்லர் பவளத்தில் இடித்தால் அலுமினிய இலை வளையும் அல்லது உடையும். அந்த அடியை அது தானே வாங்கிக்கொள்கிறது. ஸ்டீல் இலை அவ்வளவு சுலபமாக வளையாது, அடி உள்ளே தண்டுக்கும் கியருக்கும் போகும். ப்ரொப்பெல்லர் போனால் ஒரு ப்ரொப்பெல்லர் செலவு. கியர் போனால் மோட்டாரையே ஓரம் கட்ட வேண்டி வரலாம், உதிரிபாகம் தீவுக்கு வந்துசேரும் வரை காத்திருக்கவும் வேண்டும். தவிர, ஸ்டீலின் லாபம் தெரிவது வேகமான படகில். 5 நாட்டில் வித்தியாசமே தெரியாது. சின்ன மோட்டார்களுக்குப் பிளாஸ்டிக் கலவையிலும் கிடைக்கிறது, அதைக் கூடுதல் ஒன்றாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பவளம் வளர எத்தனையோ வருஷம் ஆகிறது, ப்ரொப்பெல்லர் அதை நொடியில் உடைத்துவிடும். தண்ணீர் பழுப்பாகத் தெரியும் இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டு, பாயிலோ துடுப்பிலோ தாண்டுங்கள். சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது திட்டுகள் தெளிவாகத் தெரியும், சாயங்காலம் கண் கூசும் வெயிலில் தெரியவே தெரியாது.

பாஸ் வழியாக வெளியே போகும்போது அலையில் மோட்டார் திடீரென்று கத்துகிறது, படகு நகரவில்லை. ப்ரொப்பெல்லர் சரியில்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பல நேரம் ப்ரொப்பெல்லரின் மேல் குற்றமில்லை. அலை மேல் படகின் பின்பக்கம் தூக்கும்போது ப்ரொப்பெல்லர் மேல்மட்டத்துக்கு அருகே வந்து காற்றை இழுத்துக்கொள்கிறது. காற்றில் சுற்றும் இலைக்குப் பிடிப்பு இல்லை, அதனால் சுற்று எகிறுகிறது. இது நடக்கக் கூடாத இடம் பாஸ், அதாவது பவளத்தடுப்பின் திறப்புதான். இரண்டு பக்கமும் பாறை, எதிரே அலை, கீழே நீரோட்டம். மாயெபூர்ப் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அங்கே ஐந்து நொடி பிடிப்பு விட்டால்கூட படகு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

இதற்கு மருந்து, மோட்டார் தலையிலிருந்து கீழே ப்ரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டின் நீளம். 15 அங்குலத் தண்டு டிங்கிக்கானது. பாய்ப்படகுக்குக் குறைந்தது 20, முடிந்தால் 25 அங்குலம். தொஹாட்சுவின் 'செயில் ப்ரோ' 6 எச்பி மோட்டார் 25 அங்குலத் தண்டோடு வருவது இதற்காகத்தான். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தகடு, படகு நிற்கும்போது தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். மோட்டார் தாங்கியை ஒரு படி கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள். ஆனால் மோட்டார் தலையில் அலை அடிக்காத உயரமும் வேண்டும்.

அப்புறம் ஆட்கள். பாயைச் சுருட்டவோ நங்கூரம் எடுக்கவோ இரண்டு பேர் முன்னால் போனால் பின்பக்கம் தூக்கிவிடும். திறப்புக்குள் நுழையும் முன்பே முன்பக்க வேலையை முடித்து, எல்லோரையும் பின்னால் உட்கார வையுங்கள். மோட்டார் கத்தினால் த்ராட்டிலைக் குறையுங்கள், இலைகள் மறுபடி தண்ணீரைப் பிடித்ததும் மெல்லக் கூட்டுங்கள். கூட்டிக்கொண்டே போனால் காற்றைத்தான் இழுக்கும். பிட்ச் அதிகமான, இலை முனை சிதைந்த ப்ரொப்பெல்லர் இன்னும் சுலபமாகக் காற்றை இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாயில் போகும்போது ப்ரொப்பெல்லர் இழுவை கொடுக்காமல் இருக்க மடங்கும் ப்ரொப்பெல்லர் வாங்கலாமா?

மடங்கும் வகை, தூக்க முடியாத உள்மோட்டார் வைத்த படகுகளுக்கானது. அவுட்போர்டைத் தூக்கி வைத்துவிட்டால் இழுவையே இல்லை. தூக்க முடியாதபடி தாங்கி துருப்பிடித்திருந்தால் அதைச் சரி செய்யுங்கள்.

முன்னால் நன்றாகப் போகிறது, ஆனால் ரிவர்ஸில் படகு நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இலைகளின் வளைவு முன்னோக்கிப் போவதற்காகச் செய்தது, ரிவர்ஸில் பலம் குறைவுதான். அதோடு பல மோட்டார்களில் புகை ப்ரொப்பெல்லரின் நடுக்குமிழ் வழியாகப் பின்னால் வெளியேறுகிறது. ரிவர்ஸ் போட்டால் ப்ரொப்பெல்லர் அந்தப் புகைக்குமிழிகளையே இழுத்து அடிக்கிறது, பிடிப்பு கிடைப்பதில்லை. சில ஹை த்ரஸ்ட் ப்ரொப்பெல்லர்களில் ரிவர்ஸில் புகை இலைகளுக்குள் போகாதபடி திருப்பிவிடும் அமைப்பு உண்டு. உங்கள் மோட்டாருக்கு அது கிடைத்தால் வாங்குங்கள், பணம் வீணாகாது. கிடைக்காவிட்டால் பிட்ச் குறைப்பது ஓரளவு உதவும். ரிவர்ஸில் த்ராட்டிலை அதிகம் திறக்காமல், ஜெட்டிக்கு மெதுவாக வருவதுதான் நிச்சயமான வழி.

மோட்டார் ஓடுகிறது, கியரும் விழுகிறது, ஆனால் படகு நகரவில்லை. அலை எதுவும் இல்லை. என்ன ஆயிற்று?

2, 3 எச்பி மோட்டார்களில் ஷியர் பின் உடைந்திருக்கும். ப்ரொப்பெல்லர் எதிலாவது இடித்தால் கியரைக் காப்பாற்றுவதற்காகவே உடையும்படி வைத்த சின்ன ஊசி அது. உடைந்த இடத்தில் ஆணியைச் செருகி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஆணி உடையாது, கியர் உடையும். இரண்டு ஷியர் பின், இரண்டு காட்டர் பின் (ப்ரொப்பெல்லர் கழன்றுவிடாமல் பிடிக்கும் வளைத்துவிடும் ஊசி), ஒரு இடுக்கி ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும்.

பெரிய மோட்டார்களில் அந்த வேலையை நடுக்குமிழுக்குள் இருக்கும் ரப்பர் செய்கிறது. அது நைந்துவிட்டால் மெதுவாக ஓட்டும்போது படகு போகும், த்ராட்டிலைக் கூட்டினால் மோட்டார் மட்டும் சுற்றும். நடுக்குமிழிலும் வெளிவளையத்திலும் ஒரே நேராகக் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடுகள் விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. மெதுவாகக் கரைக்கு வந்துவிடுங்கள்.

வேறு கம்பெனி ப்ரொப்பெல்லர் மலிவாகக் கிடைக்கிறது. பொருந்துமா?

தண்டில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை, தண்டின் தடிமன், புகை வெளியேறும் வழி, உள்ளே தள்ளுவிசையைத் தாங்கும் வளையமான த்ரஸ்ட் வாஷர் ஆகிய எல்லாம் ஒத்துப்போனால் பொருந்தும். மெர்க்குரியின் சின்ன மோட்டார்கள் பலவற்றைத் தொஹாட்சு செய்து கொடுக்கிறது, அதனால் அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று பொருந்துவது உண்டு. ஆனாலும் எச்பி ஒன்று என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ப்ரொப்பெல்லரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டுமா?

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. லகூனில் தூண்டில் நரம்பு நிறைய மிதக்கிறது. அது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது, ஆனால் எண்ணெய் சீலை அறுத்துவிடும். பிறகு கியர் ஆயிலில் உப்புத் தண்ணீர் கலக்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் இதுதான் காரணம். கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது தண்டில் நீர்புகாத கிரீஸ் தடவி, புது காட்டர் பின் போடுங்கள். கிரீஸ் இல்லாமல் விட்டால் உப்பில் இறுகிப்போய் அடுத்த தடவை கழற்றவே முடியாது.

போன வருஷம் நீங்கள் சொன்னபடி பிட்ச் பார்த்துத்தான் போட்டேன், 5400 சுற்று வந்தது. இப்போது 4700-க்கு மேல் ஏறவில்லை. இன்னும் பிட்ச் குறைக்கட்டுமா?

குறைக்காதீர்கள். முதலில் படகின் அடியைப் பாருங்கள். நம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாசியும் சிப்பியும் சீக்கிரம் ஒட்டும், படகு கனத்துப் போகும். மோட்டாரைத் தண்ணீரிலேயே விட்டிருந்தால் இலைகளின் மேலும் ஒட்டியிருக்கும், அதன் பாதிப்பு இன்னும் மோசம். சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, இலை ஓரங்களில் வளைவோ பள்ளமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு முன்பு சோதித்த அதே சுமையோடு மறுபடி ஓட்டுங்கள். 5400 திரும்ப வந்துவிட்டால் ப்ரொப்பெல்லர் சரியாகத்தான் இருக்கிறது. அப்போதும் ஏறவில்லை என்றால் பெட்ரோல் வடிகட்டி, கார்புரேட்டர், பிளக் என்று மோட்டார் பக்கம் தேடுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் பிட்ச்சைக் குறைத்தால், அடியைச் சுத்தம் செய்த மறுநாளே சுற்று வரம்பைத் தாண்டும்.